லாம்பக்காவும் பொறி வராத லாரியும்

லாம்பக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு இந்தப் பட்டப்பெயர் ஒரு டெஸ்ட் லாம்பால் வந்தது, அது ஒன்றும் பெரிய சங்கதி இல்லை. ஒரு சின்ன பல்பு, அதிலிருந்து இரண்டு ஒயர், ஒன்றின் முனையில் கவ்வி, இன்னொன்றின் முனையில் ஊசி. கவ்வியை வண்டியின் உடம்பில் மாட்டிவிட்டு ஊசியால் தொட்டால், கரண்ட் இருக்கிற இடத்தில் பல்பு எரியும், இல்லாத இடத்தில் எரியாது. வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கிற அவள் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டே திரிந்ததால் ஊருக்கே லாம்பக்கா ஆகிவிட்டாள். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவளும் அதற்கெல்லாம் சண்டைக்குப் போவதில்லை.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்த கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். இளவயதில் ஒரு கம்பெனியில் காயில் சுற்றுகிற வேலை. தலைமுடி மாதிரிக் கம்பியை நாள் பூராவும் சுற்றிச் சுற்றி, டப்பாவில் அடைத்து, அடுத்த மேஜைக்குத் தள்ள வேண்டும். அது எங்கே போகிறது, எதற்கு ஆகிறது என்று யாரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. ஒரு நாள் சரக்கு கொடுக்கப் போன இடத்தில் ஒரு மெக்கானிக் அந்தக் காயிலில் ஒன்றை வண்டியில் மாட்டி, தடித்த ஒயரின் நுனியை இன்ஜினுக்கு அருகே பிடித்துக்கொண்டு, டிரைவரை இன்ஜினைச் சுற்றவிடச் சொன்னார். நுனியிலிருந்து ஒரு நீலப் பொறி டக் டக்கென்று குதித்தது. நடுவில் கம்பி இல்லை, ஒன்றுமில்லை, வெறும் காற்று. அதைத் தாண்டிக் குதித்தது. நான் சுற்றியதா இது என்று அவள் கேட்ட குரலைக் கேட்டு அந்த மெக்கானிக்கே பயந்துபோனாராம். பத்து விரலும் தேயத் தேயச் சுற்றியது இதற்குத்தானா என்று அன்றைக்கு ராத்திரி அவளுக்குத் தூக்கமே வரவில்லை.

வேலையை விட்டாள். வீட்டில் எல்லோரும் இவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். லாரிகளுக்கு சீட் தைக்கிற புருஷன் மட்டும் தன் கடையில் பாதியைக் காலி செய்து கொடுத்தார். அப்போதிருந்து எத்தனையோ வண்டி பார்த்துவிட்டாள். பொறி ஏன் குதிக்கிறது என்பதையும் கேட்டுப் படித்துத் தெரிந்துகொண்டாள். தெரிந்த பிறகு ஆச்சரியம் போய்விடும் என்றுதான் நினைத்தாள். போகவில்லை. இன்றைக்கும் பொறியைச் சோதிக்கும்போது அவள் மூச்சை அடக்கிக்கொள்வாள், பக்கத்தில் யாராவது பேசினால் எரிந்து விழுவாள்.

இப்படிப்பட்டவளைத்தான் ரேடியோவின் மனைவி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

ரேடியோ என்பது லாரிக்காரர். பழைய காலத்துப் பெட்ரோல் லாரி, நீண்ட மூக்கு வைத்தது. வீடு மாறுகிறவர்களின் கட்டிலும் பீரோவும் ஏற்றிப் போவதுதான் அவர் தொழில். வாயைத் திறந்தால் மூட மாட்டார் என்பதால் அந்தப் பெயர். லாம்பக்கா கடைக்கு டைனமோவைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அது முடிகிறவரை ஸ்டூலில் உட்கார்ந்து ஊர் உலகத்தை ஒரு சுற்று அளந்து தள்ளுவார். ஆனால் லாரியில் மட்டும் யாரையும் கை வைக்க விட மாட்டார், ஒயரிங் எல்லாம் அவரே பார்த்துக்கொள்வார். இன்னொரு விசேஷமும் உண்டு. டிரைவர் சீட்டில் ஏறினால் உடனே சாவியைத் திருக மாட்டார். ஒரு பக்கமாகச் சரிந்து, நெளிந்து, ஒரு கையை அடியில் கொடுத்து, அடைக்கு உட்காருகிற கோழி மாதிரி ஒரு தரம் அசைந்து கொடுத்துத்தான் உட்காருவார். ஆளுக்கு மூலம் என்று ஊரில் பேச்சு. அவர் காதுபடவே சொல்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அந்த ரேடியோ ஒரு நாள் காலையில் எழுந்திருக்கும்போதே விழுந்தார். வலப்பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. உயிர் தங்கியதே பெரிசு என்று வீட்டுக்குக் கொண்டுவந்து ஜன்னலோரம் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். ஜன்னலுக்கு நேர் எதிரே ஷெட், ஷெட்டில் லாரி. அவர் லாரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார், லாரி தூசி படிந்து நின்றது. வருஷங்கள் போய்விட்டன.

இப்போது ஷெட் இருக்கிற இடம் கைமாறிவிட்டது. சாயங்காலத்துக்குள் காலி செய்ய வேண்டும், மறுநாள் இடிப்பு. ஷெட் பள்ளத்தில் கிடக்கிறது, தெரு மேட்டில் இருக்கிறது, நடுவில் ஒரு கொண்டையூசி வளைவு. கிரேன் உள்ளே வராது, தள்ளினாலும் ஏறாது. லாரி தன் காலால் ஏறி வந்தால் மைத்துனரின் மரக்கிடங்கில் நிறுத்த இடம் தயார். வராவிட்டால் இருக்கிற இடத்திலேயே துண்டு துண்டாக வெட்டி எடுக்க வேண்டியதுதான். அதற்கும் ஆள் வந்தாயிற்று. கேஸ் கட்டர்காரர் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தி, அதன் மேல் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன்தான், அவர் பிழைப்பு அது. மெக்கானிக் காலையிலேயே வந்து டயர், ஆயில், பெட்ரோல், பிரேக் எல்லாம் சரிபார்த்து, புது பேட்டரி வைத்து, செல்ஃபைத் தட்டினால் இன்ஜின் ஜோராகச் சுற்றுகிறது, ஆனால் பொறி இல்லை, இனி லாம்பக்கா பாடு என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

லாம்பக்கா வந்ததும் முதலில் ஜன்னலைத்தான் பார்த்தாள். ரேடியோ கரைந்து பாதியாகியிருந்தார்.

"அண்ணனைக் கேட்டீங்களா அண்ணி? பழைய வண்டி, ஒயரிங் அவர் போட்டது."

"அவரை என்னத்தக் கேக்கறது லாம்பு. சாப்பிட்டீங்களான்னா தலையாட்டுவார். சாப்பிடலையான்னாலும் தலையாட்டுவார். அவருக்கு ஒண்ணும் புரியலை. இங்க வண்டிய வெட்டினாக்கூட புரியாதுன்னுதான் நினைக்கிறேன். ஆனா எனக்குப் புரியுமே. அவர் கண்ணு முன்னாடி வெட்ட வேண்டாம், அவ்வளவுதான்."

சொல்லும்போது குரலில் அழுகை இல்லை. அழுது தீர்ந்துபோன குரல் அது. ஒரு காலத்தில் காய்கறிக்காரரிடம்கூட "அவரைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்று சொல்லிச் சொல்லியே தெருவில் பேர் வாங்கியவர் இந்த அம்மாள். என்னவோ போலாகிவிட்டது லாம்பக்காவுக்கு. பானெட்டைத் தூக்கினாள்.

உள்ளே ஒட்டடை. காயிலின் ஒரு பக்கம் ஊசியை வைத்தாள், பல்பு எரிந்தது. பேட்டரியிலிருந்து கரண்ட் ஒழுங்காக வந்து சேர்கிறது. மறுபக்கம் வைத்தாள், எரியவில்லை. கட்டர்காரரைக் கூப்பிட்டு செல்ஃபைத் தட்டச் சொன்னாள். இன்ஜின் சுற்றும்போது அந்தப் பக்கம் பல்பு மினுக் மினுக்கென்று எரிந்து அணைய வேண்டும். பொறியைப் பங்கு போட்டு அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் என்று இரண்டு சின்ன முனைகள் உண்டு, அவை சேர்ந்து சேர்ந்து பிரியும். பிரிகிற அந்தக் கணத்தில்தான் ஓடுகிற கரண்ட் வெடுக்கென்று அறுபட்டு, காயிலிலிருந்து பொறி பிறக்கும். இங்கே மினுக்கும் இல்லை ஒன்றும் இல்லை, பல்பு செத்துக் கிடந்தது.

ஜன்னலில் ரேடியோ அசைந்தார். இடக்கை நாற்காலிக்கு அடியில் போயிற்று, மேலே வந்தது, கைப்பிடியில் தட்டியது. தாகம் போலிருக்கிறது என்று மனைவி தண்ணீர் கொண்டுபோய் வாயில் வைத்தார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால், வண்டி நின்ற காலமெல்லாம் பாயிண்டின் முகத்தில் வெள்ளை பூத்து உட்கார்ந்திருந்தது. சந்தோஷமாக அதன் மேல் பழியைப் போட்டாள். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினாள், இடைவெளி சரி செய்தாள், மறுபடி சுற்றச் சொன்னாள். ஊஹூம். பாயிண்டோடு சேர்ந்த கண்டென்சர் செத்திருக்கும் என்று அதையும் புதிதாகப் போட்டாள். ஊஹூம். கட்டர்காரர் டீ கிளாசைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "வெயில் சாயுதுக்கா" என்று மட்டும் சொன்னார். சூரியனை நான்தான் பிடித்துக் கட்டிவைத்திருக்கிறேனா என்று அவள் கேட்டதில் மனுஷன் அடங்கிவிட்டார்.

ஒவ்வொரு தரம் இன்ஜின் சுற்றும்போதும் ஜன்னலில் ரேடியோ துடித்தார். பெட்ரோல் நாற்றம் அவருக்கு ஆகவில்லை என்று மனைவி எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். கண்ணாடி ஜன்னல். அவர் வாய் கோணிக்கொண்டு திறப்பது மட்டும் தெரிந்தது.

லாம்பக்கா நிதானத்துக்கு வந்தாள். காயிலின் இந்தப் பக்கம் கரண்ட் வருகிறது, அந்தப் பக்கம் இல்லை. காயில் அறுந்திருக்கலாம், அல்லது கரண்ட் வெளியே வந்ததுமே எங்கேயோ வண்டியின் உடம்பில் பட்டு எர்த் ஆகலாம், அதாவது பூமிக்கு ஓடிப்போகலாம். காயிலிலிருந்து போகிற ஒயரைக் கழற்றிவிட்டு ஊசியை வைத்தாள். பல்பு எரிந்தது. ஆக காயில் நல்லது. ஒயரை மாட்டினாள், அணைந்தது. ஒயரின் மறுமுனையை டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து கழற்றிப் பார்த்தாள். இப்போதும் எரியவில்லை. எந்தப் பக்கமும் சேராமல் அந்தரத்தில் தொங்குகிற ஒயர் எப்படிக் கரண்டைக் குடிக்கும்?

ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனாள். நடுவழியில் டேப் சுற்றிய இடத்தில் ஒரு புடைப்பு. பிரித்தால், உள்ளே இன்னொரு மெல்லிய ஒயர் முறுக்கி ஒட்டப்பட்டிருந்தது. அது சத்தமில்லாமல் பின்னால் போய், ஒரு துளை வழியாக டிரைவர் அறைக்குள் நுழைந்து காணாமல் போயிற்று. அடேயப்பா என்று அவளுக்கு வாய்விட்டே வந்துவிட்டது. கள்ள ஒயர். வண்டி களவு போகாமல் இருக்க டிரைவர்கள் வைப்பது. எங்கோ மறைவாக ஒரு ஸ்விட்ச், அதைப் போட்டுவிட்டால் பொறிக்கான கரண்ட் பூராவும் பூமிக்குப் போய்விடும், திருடன் தலைகீழாக நின்றாலும் வண்டி எடுக்க முடியாது. உலகத்தில் உள்ளதையெல்லாம் ஒலிபரப்பிய ரேடியோ, இத்தனை வருஷத்தில் இதை மட்டும் யாரிடமும் மூச்சு விடவில்லை. பெண்டாட்டியிடம்கூட.

இனி வேலை சுலபம். ஸ்விட்ச் எங்கே இருந்தால் என்ன, கள்ள ஒயரை வெட்டிவிட்டால் தீர்ந்தது. கட்டிங் பிளேயரை எடுத்து ஒயரை அதன் வாயில் வைத்துவிட்டாள். வைத்துக்கொண்டே, ஏதோ தோன்றி, ஜன்னலைப் பார்த்தாள்.

கண்ணாடிக்குப் பின்னால் ரேடியோ கையை மடியில் வைத்துச் சும்மா உட்கார்ந்திருந்தார். தாகமும் இல்லை, நாற்றமும் இல்லை. அப்படியானால் இன்ஜின் சுற்றும்போது மட்டும் ஏன் துடிக்கிறார்? லாம்பக்கா பிளேயரை எடுத்துவிட்டாள்.

"தம்பி, செல்ஃபைத் தட்டுங்க."

கட்டர்காரர் தட்டினார். இந்தத் தரம் அவள் இன்ஜினைப் பார்க்கவில்லை, பல்பைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள். இன்ஜின் சுற்றத் தொடங்கியதும் ரேடியோ ஒரு பக்கமாகச் சரிந்தார். நெளிந்தார். இடக்கை நாற்காலியின் அடியில் போயிற்று, கட்டைவிரல் எதையோ மேலே தள்ளுவது போல ஒரு நெம்பு நெம்பியது, வெளியே வந்து கைப்பிடியில் இரண்டு தட்டு தட்டியது. நிறுத்தச் சொன்னாள், கை மடிக்குப் போயிற்று. மறுபடி தட்டச் சொன்னாள். மறுபடி சரிவு, நெளிவு, நெம்பல், தட்டல். கோழி அடைக்கு உட்காருகிறது.

லாம்பக்கா பிளேயரைக் கீழே போட்டாள். டிரைவர் அறைக்குள் ஏறி, அவர் உட்காருகிற மாதிரியே உட்கார்ந்து, ஒரு பக்கமாகச் சரிந்து, இடக்கையை சீட்டுக்கு அடியில் விட்டாள். துரு, பஞ்சு, ஸ்பிரிங். அதற்கும் பின்னால், படுக்கையறை விளக்குக்குப் போடுகிற ஒரு குட்டி ஸ்விட்ச். கட்டைவிரலால் மேலே தள்ளினாள். இறங்கி ஓடிவந்து, கழற்றிய ஒயரையும் மூடியையும் மாட்டி, சுற்றச் சொன்னாள். பல்பு மினுக் மினுக்கென்றது. பிளக்கின் தடித்த ஒயரை உருவி, நுனியை இன்ஜினுக்குப் பக்கத்தில் பிடித்தாள். நீலமாக, டக் டக்கென்று, பொறி தாண்டிக் குதித்தது.

கட்டர்காரர் கை தட்டினார். தினம் தினம் மத்தாப்பு மாதிரி பொறி பறக்க இரும்பை வெட்டுகிற ஆள், இந்தக் கடுகளவு பொறிக்கு வாய் பிளந்து நின்றார். லாம்பக்கா தட்டவில்லை. ஒயரை மட்டும் வெட்டியிருந்தால், இதே பொறி வந்திருக்கும், வண்டியும் ஓடியிருக்கும், எல்லோரும் நல்ல பெயர் சொல்லி அனுப்பியிருப்பார்கள், ஜன்னலில் ஒரு மனுஷன் கரடியாய்க் கத்திக்கொண்டிருந்தது கடைசிவரை யாருக்கும் தெரிந்திருக்காது.

மாட்ட வேண்டியதை மாட்டிவிட்டு நேரே ஜன்னலுக்குப் போய்க் கண்ணாடியைத் திறந்தாள். ரேடியோவின் மனைவி என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்.

"அண்ணி, ஸ்விட்ச் எங்க இருக்குன்னு அண்ணன்தான் காட்டிக் கொடுத்தார்."

"யாரு?"

"இவர்தான். காலையிலேர்ந்து சொல்லிட்டே இருக்கார். நாமதான் தண்ணி குடுத்தோம், ஜன்னலைச் சாத்தினோம்."

அந்த அம்மாள் நம்பவில்லை. ஏதோ தற்செயலாகக் கை ஆடியிருக்கும் என்றார். கேட்டால் தலைதான் ஆடும், எல்லாவற்றுக்கும் ஆடும், டாக்டரிடமும் அப்படித்தான் ஆடிற்று என்றார். லாம்பக்காவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. எங்கே தொட்டாலும் எரிகிற பல்பை வைத்து எந்த வண்டியையும் பார்க்க முடியாது. எரிய வேண்டிய இடத்தில் எரிவதோடு, அணைய வேண்டிய இடத்தில் அணைகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

"அண்ணே, தலையை விடுங்க. அது எர்த் ஆயிருச்சு. கையால சொல்லுங்க. ஆமான்னா ரெண்டு தட்டு, இல்லைன்னா சும்மா இருங்க. அந்த ஸ்விட்சை நீங்கதான் வச்சீங்களா?"

தலை ஆடியது. கையும் இரண்டு தட்டுத் தட்டியது.

"இது டீசல் வண்டியா?"

தலை ஆடத்தான் செய்தது. கை அசையவில்லை. கை அசையாதது மட்டுமில்லை, அவர் கண் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இவ்வளவு காலம் தொழில் பார்த்து இதுதான் தெரிந்து வைத்திருக்கிறாயா என்கிற பார்வை. பிறகு வாயின் ஒரு ஓரம் மட்டும் மேலே ஏறிற்று. ரேடியோ சிரிக்கிறார். கட்டர்காரர் அங்கிருந்தபடியே உரக்கச் சிரித்துவிட்டார். லாம்பக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. காயில் சுற்றுகிறவளாக இருந்தபோது முதல் பொறியைப் பார்த்து எப்படி நின்றாளோ அப்படியே நின்றாள்.

"மூலம்னு ஊரே சொல்லுச்சே, அது இந்த ஸ்விட்சா?" என்று கேட்டாள். கை தட்டிய வேகத்தில் நாற்காலியே ஆடியது.

செல்ஃபைத் தட்டட்டுமா என்று அவரிடமே கேட்டுக்கொண்டு தட்டினாள். லாரி இருமியது, உலுக்கியது, கறுப்பாக ஒரு கொத்துப் புகை விட்டு, பிறகு பிடித்துக்கொண்டது. ஷெட்டுத் தகரமெல்லாம் சேர்ந்து அதிர்ந்தது. கட்டர்காரர் யாரும் சொல்லாமலே சிலிண்டரை ஓரமாக உருட்டிவிட்டு, வளைவில் எதிரே வண்டி வராமல் பார்த்துக்கொள்ளத் தெருமுனைக்குப் போனார்.

ரேடியோவின் மனைவி மட்டும் லாரியைப் பார்க்கவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை காலமும் அவரை வைத்துக்கொண்டே பேசியதெல்லாம் வரிசையாக வந்து அந்த அம்மாளின் முகத்தில் நின்றது. தங்கையிடம் போனில் பேசியது, வந்து போகிறவர்களிடம் சொன்னது, மூச்சு மட்டும்தான் ஓடுகிறது, ஆள் எப்போதோ போயாச்சு என்று அவர் தலைக்கு மேலேயே சொன்னது.

"ஏங்க... நான் சொன்னதெல்லாம் கேட்டுச்சா உங்களுக்கு?"

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கை வெகுநேரம் மடியிலேயே கிடந்தது. சும்மா இருந்துவிட்டால் இல்லை என்று ஆகிவிடும், அது அவருக்கும் தெரியும். பிறகு கை மெதுவாக எழுந்து, கைப்பிடிக்குப் போகாமல், மனைவியின் தோளில் போய் இரண்டு தட்டுத் தட்டியது. எடுக்காமல் அங்கேயே இருந்தது. அந்த அம்மாள் அவர் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். லாம்பக்கா பானெட்டுக்குள் தலையை விட்டு, இறுக்க வேண்டிய அவசியமே இல்லாத நட்டை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

வெயில் இறங்கிவிட்டது. தெருமுனையிலிருந்து கட்டர்காரர் பாதை காலி என்று கையைக் காட்டினார். லாம்பக்கா ஸ்டீயரிங்கில் ஏறி உட்கார்ந்து, வண்டியை எடுக்கட்டுமா, மரக்கிடங்குக்கே விட்டுவிடட்டுமா என்று ஜன்னல் பக்கம் குரல் கொடுத்தாள்.

அந்த அம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"இரு லாம்பு," என்றார். "அவரைக் கேட்டுட்டுச் சொல்றேன்."